மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் வட சென்னைக் கடற்கரையும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள் தொடங்கி ஜூன் 14ஆம் நாள் முடிய, 61 நாள்கள், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையிலிருந்து விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. இராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அந்நாள்களில் படகுகள் ஒன்றோடொன்று உரசியவாறு கட்டப்பட்டிருக்கும். ஏலக் கூடத்தில் கூட்டம் குறையும். பனிக்கட்டி உடைக்கும் ஓசை ஓயும். அந்த அறுபத்தொரு நாள்களுக்கு ஈடாக மீனவக் குடும்பம் ஒன்றுக்குத் தமிழக அரசு இப்போது 8,000 ரூபாய் வழங்குகிறது. இத்தொகை எதற்காகத் தரப்படுகிறது, யாருக்குச் சேருகிறது, யாருக்குச் சேராமற் போகிறது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். இத்துறைமுகத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் வாழ்வோரிடையேயும் இது குறித்துத் தெளிவான செய்தி குறைவு. ‘மீனவர்க்குச் சும்மா பணம் தருகிறார்கள்’ என்று பேசுவோர் ஒருபுறம். ‘எங்களுக்கு எதுவுமே வருவதில்லை’ என்று குமுறுவோர் மறுபுறம். இரு கூற்றும் முழுமையானவை அல்ல.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வது தமிழ்த்துறையினராகிய நமக்கு முறையாகும். மானியம், நிவாரணம், இழப்பீடு ஆகிய மூன்று சொற்களும் செய்தித்தாள்களில் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கையாளப்படுகின்றன. ஆயினும் அவை வெவ்வேறு பொருளுடையன. ‘மானியம்’ என்பது பழைய வழக்கில் வரி நீக்கி வழங்கப்பட்ட நிலத்தைக் குறித்தது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் மானிய நிலங்கள் இருந்தமையை நம் பெரியோர் அறிவர். துயர் வந்தவிடத்து அதனைத் தணிக்கத் தருவது ‘நிவாரணம்’. ஒருவர் செய்த கேட்டினால் மற்றொருவர் இழந்ததை ஈடு செய்வது ‘இழப்பீடு’. நிவாரணம் பெறுபவர் அரசின் பரிவை எதிர்நோக்குபவர். இழப்பீடு பெறுபவரோ உரிமை கேட்பவர். வட சென்னைக் கடற்கரையில் இம்மூன்றும் வழங்கப்படுவதால், இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே மேலே செல்லுதல் வேண்டும்.

தடை பிறந்த வரலாறு

கட்டுமரமும் பருத்தி நூல் வலையும் கொண்டு தொழில் செய்தவரை, கடலுக்குச் சட்டம் போட வேண்டிய தேவை எழவில்லை. காற்றும் கடலுமே மீனவரைத் தடுத்தன. 1950களில் கேரளக் கரையில் தொடங்கிய இந்திய – நார்வே கூட்டுத் திட்டத்தை ஒட்டி விசைப்படகுகள் பெருகலாயின. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தமையால் இழுவை வலை எங்கும் பரவிற்று. கடலின் அடித்தரையை வாரிவரும் அவ்வலையில் குஞ்சும் முட்டையும் தப்புவதில்லை. கட்டுமரக்காரர்களின் வலைகளை விசைப்படகுகள் அறுத்துச் செல்வதும், கரையில் படகுகள் தீக்கிரையாவதும், உயிர்ச்சேதம் நிகழ்வதுமாக 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கரையிலும் பிற கரைகளிலும் மோதல்கள் மூண்டன. இவற்றின் விளைவாகவே 1983ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் தொலைவு நாட்டுப்படகினர்க்கென ஒதுக்கப்பட்டது. விசைப்படகுகள் அதற்கு அப்பால்தான் மீன்பிடிக்க வேண்டும் என்பது அன்றைய விதி.

இச்சட்டத்தின் துணைகொண்டு 2001ஆம் ஆண்டில் பருவத் தடை நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள்களே தடை இருந்தது. 2017ஆம் ஆண்டு முதல் அது 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. மேலைக் கடலில், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. 2020இல் பெருந்தொற்று ஊரடங்கால் ஏற்கெனவே படகுகள் முடங்கிக் கிடந்தமையால், அவ்வாண்டு மட்டும் தடைக்காலம் மே 31ஆம் நாளுடன் முடித்துக்கொள்ளப்பட்டது.

தடையின் நோக்கம் மீன்கள் இனம்பெருக்க இடம் தருவது. இந்நாள்களை உரிமையாளர்கள் வீணாக்குவதில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுதல், வண்ணம் பூசுதல், எந்திரத்தைப் பிரித்துச் செப்பனிடுதல் ஆகிய வேலைகளெல்லாம் இப்போதுதான் நடைபெறும். தச்சர்க்கும் எந்திரப் பழுது பார்ப்போர்க்கும் இதுவே வேலை மிகுந்த பருவம். படகில் பங்குக்குச் செல்லும் தொழிலாளிக்கோ வருவாய் அடியோடு நிற்கும் பருவம்.

தரப்படும் தொகைகள்

தடைக்கால நிவாரணம் பலமுறை உயர்த்தப்பட்டு வந்துள்ளது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் நடைபெற்ற மீனவர் மாநாட்டில், 5,000 ரூபாயாக இருந்த தொகை 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். 8,000 ரூபாயை 61 நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 131 ரூபாய் வரும். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு 33 ரூபாய்கூட முழுமையாகத் தேறாது. ‘சும்மா தருகிறார்கள்’ என்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

இஃதன்றி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மீன்பாடு குறையும் மாதங்களுக்கெனச் சிறப்பு உதவித்தொகையாகக் குடும்பத்திற்கு 6,000 ரூபாய் தரப்படுகிறது. மூன்றாவது, சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். இதில் மீனவர் தம் பங்காக 1,500 ரூபாயைத் தவணைகளில் செலுத்துவர். அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும். ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே இத்திட்டம் உள்ளது. எல்லாத் திட்டங்களிலும் ஒரு குடும்பம் சேர்ந்திருப்பின் ஆண்டில் அரசிடமிருந்து பெறுவது 8,000, 6,000, 3,000, 3,000 என 20,000 ரூபாய் ஆகும். நான்கையும் தவறாது பெறும் குடும்பங்களும் உள. சங்கச் சந்தா கட்டத் தவறியதால் ஒன்றிரண்டை இழக்கும் குடும்பங்களும் உள.

முழுநேர மீனவராகவும் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினராகவும் இருத்தல், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை பயன்பெறத் தேவையானவை. தொகை வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது.

விளைவிக்காமைக்குப் பணம்: ஒரு பழைய எடுத்துக்காட்டு

தொழில் செய்யாமலிருப்பதற்கு அரசு பணம் தருவது புதுமையன்று. உலக வரலாற்றில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு பருத்தியைச் சார்ந்தது. வட சென்னையில் பருத்தி விளைவதில்லையாயினும், பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளால் பெரம்பூரும் புளியந்தோப்பும் பல தலைமுறைக் காலம் பருத்தியால் உண்டு பருத்தியால் பட்டினி கிடந்தன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் அவ்வாலைத் தொழிலாளரிடையேதான். எனவே இவ்வெடுத்துக்காட்டு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் பருத்தியின் விலை பாதிக்கும் கீழாகச் சரிந்து, 1932இல் பவுண்டு ஒன்றுக்கு ஆறு சென்ட் அளவுக்கு இறங்கிற்று. 1933இல் ரூஸ்வெல்ட் அரசு வேளாண்மைச் சரிக்கட்டுச் சட்டம் இயற்றியது. விளைச்சல் மிகையால் விலை வீழ்ந்தது. ஆகவே விளைச்சலைக் குறைப்போர்க்குப் பணம் தருவோம் என்பது அதன் கருத்து. சட்டம் வந்தபோது பருத்தி ஏற்கெனவே விதைக்கப்பட்டு முளைத்திருந்தது. எனவே ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பயிரை உழவர்கள் தாங்களே உழுது அழித்தனர். அதற்கென நூறு மில்லியன் டாலருக்கும் மிகுதியான தொகை வழங்கப்பட்டது.

பணம் யாருக்குச் சென்றது என்பதே நாம் இங்குக் கருத வேண்டியது. தென் மாநிலங்களில் பெரும்பான்மைப் பருத்தியை விளைவித்தோர் நிலமற்ற வாரக்குடிகள். அவர்களுள் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் இருந்தனர். அரசு ஒப்பந்தம் செய்துகொண்டதோ நிலவுடைமையாளருடன். 1934–35ஆம் ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில், பவுண்டு ஒன்றுக்குத் தரப்பட்ட நாலரை சென்டில் நான்கு சென்ட் உடைமையாளர்க்கும் அரை சென்ட் வாரக்குடிக்கும் எனப் பங்கு வகுக்கப்பட்டது. அந்த அரை சென்டும் பல இடங்களில் உடைமையாளரின் கடன் கணக்கிலேயே கழிந்தது. நிலத்தைத் தரிசாகப் போடுவதற்குப் பணம் கிடைத்ததனால், அந்நிலத்தில் உழைத்த குடும்பங்கள் தேவையற்றுப் போயின, பலர் வெளியேற்றப்பட்டனர். ஆர்கன்சா மாநிலத்துப் பாயின்செட் கவுண்டி என்னும் சிற்றூர்ப் பகுதியில், 1934 ஜூலையில், வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் எழுவரும் கூடித் தெற்கு வாரக்குடிகள் சங்கத்தைத் தோற்றுவித்தமைக்கு இதுவே காரணம். இனப்பிரிவினை சட்டமாக இருந்த நாட்டில் இருநிறத்தாரும் ஒரே பலகையில் அமர்ந்தனர் என்றால் வயிற்றின் வலி எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்! மூலச் சட்டத்தை 1936 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. ஆயினும் பருத்தி மானியம் வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

காசிமேட்டு நிலையை இதனோடு ஒப்பிடுக. இங்கும் தொழிலை நிறுத்தச் சொல்லிப் பணம் தரப்படுகிறது. இங்கும் படகு உடைமையாளர் ஒருவர், அதில் பங்குக்குச் செல்வோர் பலர். ஆனால் தமிழக அரசு பணத்தைப் படகுக்குத் தரவில்லை, குடும்பத்திற்குத் தந்தது. படகு எத்தனை அடி நீளம், எந்திரத்தின் குதிரைத்திறன் எவ்வளவு என்றெல்லாம் பாராமல், மீனவக் குடும்பம் என்னும் ஒன்றையே அலகாகக் கொண்டது. தொகை சிறியதாயினும் இவ்வமைப்பு பாராட்டத்தக்கது என்பது எம் துணிபு. அமெரிக்கப் பருத்தி உழவில் நேர்ந்த கொடுமை இங்கு நேராமற் போனதற்கு இதுவே அடிப்படை.

இதிலும் ஒரு வினா எழும். கடலுக்குச் செல்லாமல் நிறுத்தப்படுபவை விசைப்படகுகள். கரையை ஒட்டித் தொழில் செய்யும் நாட்டுப்படகினர்க்குத் தடைக்காலம் ஒருவகையில் நன்மையே. சந்தையில் மீன் வரத்துக் குறைவதால் அவர்கள் கொணரும் சங்கராவும் நண்டும் நல்ல விலைக்குப் போகும். அவர்க்கும் நிவாரணம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்க்கு மழைக்காலத்திலும் புயற்காலத்திலும் நேரும் இழப்பை யார் கணக்கிட்டார் என்பதே எம் விடை. படகு படகாகப் பிரித்துத் தரத் தொடங்கினால், பிரிக்கும் அதிகாரம் பெற்றவர் வாசலில் வரிசை நிற்கும்.

டீசலில் மறைந்திருக்கும் மானியம்

இனி, எவரும் மானியம் என்றே எண்ணாத ஒரு மானியத்தைக் காண்போம். மீன்பிடிப் படகுகளுக்கு விற்பனை வரி நீக்கிய டீசல் வழங்கப்படுகிறது. விசைப்படகுக்கு ஆண்டில் 18,000 லிட்டர், எந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்றிருந்த அளவு, மேலே கூறிய மண்டபம் மாநாட்டு அறிவிப்பின்படி முறையே 19,000 லிட்டர், 4,400 லிட்டர் என உயர்த்தப்பட்டது. வரி நீக்கித் தருவதே மானியம் என்னும் பழம்பொருளுக்கு இது முற்றப் பொருந்துவதை மாணவர்கள் கண்டுகொள்வார்களாக.

இதன் மதிப்பை அறிய ஒரு கணக்குப் போடுவோம். எளிமைக்காக லிட்டருக்கு 15 ரூபாய் வரி மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 19,000 லிட்டருக்கு 2,85,000 ரூபாய் ஆகிறது. எந்திர நாட்டுப்படகுக்கு 66,000 ரூபாய். குடும்பத்திற்குத் தரும் 8,000 ரூபாய் நாளிதழில் தலைப்பாகிறது. படகுக்குத் தரும் இத்தொகை பேச்சிலும் வருவதில்லை.

அவ்வளவும் உரிமையாளர்க்கே என்று முடிவு கட்டுதலும் தவறு. விசைப்படகுத் தொழிலில் மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், பனிக்கட்டி, உணவு ஆகிய செலவுகளை முதலிற் கழித்து, எஞ்சியதையே படகுக்கும் ஆள்களுக்கும் பங்கிடுவர். பங்கு விகிதம் துறைக்குத் துறை மாறும். படகுக்கு அறுபது, ஆள்களுக்கு நாற்பது, ஆள்கள் ஒன்பதின்மர் என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். அவ்வாறாயின் 2,85,000 ரூபாயில் உரிமையாளர் பக்கம் 1,71,000 ரூபாயும், ஆள்கள் பக்கம் 1,14,000 ரூபாயும் சேரும். தொழிலாளி ஒருவர்க்கு ஏறத்தாழ 12,667 ரூபாய். அஃதாவது, அவர் கையெழுத்திட்டு வாங்கும் 8,000 ரூபாயைவிட, அவர் அறியாமலே பங்கில் கலந்துவரும் தொகை மிகுதி! செலவைக் கழிப்பதற்கு முன்பே கூலி பேசிக்கொண்ட தொழிலாளிக்கோ இதில் ஒரு காசும் இல்லை. எனவே டீசல் மானியம் ஏழைக்குச் சேருகிறதா என்னும் வினாவுக்கு விடை அரசாணையில் இல்லை. படகின் பங்குக் கணக்கில் இருக்கிறது.

மற்றொரு முரணும் உண்டு. அறுபத்தொரு நாள் மீனைக் காக்க ஒரு கையால் பணம் தருகிறோம். எஞ்சிய முந்நூற்று நான்கு நாளில் மேலும் தொலைவு சென்று மேலும் பிடிக்க மறு கையால் எரிபொருள் தருகிறோம். கரை மீன் அருகிவிட்டமையால் ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆழ்கடலுக்கு எரிபொருள் மிகுதியாக வேண்டும். திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் அமைக்கப்பட்டு 2025இல் திறக்கப்பட்டது இவ்வாழ்கடல் நோக்கை முன்னிட்டே. ஆழ்கடலில் தூண்டிலிட்டுச் சூரை பிடித்தல் கரையோர இழுவை வலையைக் காட்டிலும் கேடு குறைந்தது என்பதில் ஐயமில்லை. அதற்கான படகும் பயிற்சியும் முதலீடும் சிறு மீனவர்க்கு எட்டுமா என்பதே பார்க்க வேண்டியது.

உலக வணிக அமைப்பில் மீன்பிடி மானியம் பற்றிய உடன்பாடு 2022 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேறி, 2025 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்திற்குப் புறம்பான மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே அருகிவிட்ட மீன்வளத்தைப் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்பன அதன் முதன்மைக் கூறுகள். மிகைப் படகுகளை ஊக்குவிக்கும் மானியங்கள் பற்றி அம்மாநாட்டில் முடிவு எட்டப்படவில்லை. இந்தியா மீனவக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் தருவது 15 டாலர் அளவே, செல்வ நாடுகள் சில 42,000 முதல் 75,000 டாலர் வரை தருகின்றன என்று இந்திய அமைச்சர் அங்கு எடுத்துரைத்தார். வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டுக் கால அவகாசம் வேண்டுமென்பது நம் நாட்டின் நிலைப்பாடு. பருத்தியிலும் இத்தகைய வழக்கு நடந்ததுண்டு. அமெரிக்கப் பருத்தி மானியம் தம் உழவரை நசுக்குவதாகப் பிரேசில் 2002இல் தொடுத்த வழக்கு, தீர்ப்புகள் பிரேசிலுக்குச் சார்பாக வந்த பின்னும் இழுபட்டு, 2014இல்தான் 300 மில்லியன் டாலர் தந்து முடிக்கப்பட்டது. பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய ஆப்பிரிக்க நாடுகள் 2003 முதல் முறையிட்டும் அவர்க்கு அத்தகைய தொகை கிடைக்கவில்லை.

பட்டியலுக்கு வெளியே நிற்போர்

காசிமேட்டு விசைப்படகுகளில் ஆந்திர, ஒடியக் கரைகளிலிருந்து வந்து தொழில் செய்வோர் உள்ளனர். குடும்ப அட்டை வேறு மாநிலத்தில் இருப்பதால் தமிழக நிவாரணம் அவர்க்கு இல்லை. ஆந்திர அரசு 2019 முதல் தடைக்கால உதவியாக 10,000 ரூபாய் வழங்கியது. 2025 ஏப்ரலில் அதனை 20,000 ரூபாயாக உயர்த்திற்று. ஆனால் அது அங்குள்ள படகுகளில் தொழில் புரிவோரைக் கணக்கெடுத்துத் தரப்படுவது. தமிழகப் படகில் இருப்பவர் பெயர் அக்கணக்கில் ஏறுவது அரிது. பழவேற்காட்டு ஏரியின் நடுவே ஓடும் மாநில எல்லையை நினைத்துப் பாருங்கள். கடல் ஒன்று, தடை நாள் ஒன்று, மீனும் ஒன்று. தெற்கே 8,000, வடக்கே 20,000, இடையில் அகப்பட்டவர்க்கு ஒன்றுமில்லை.

மீன் சுமந்து விற்கும் மகளிர், தரம் பிரிப்போர், கருவாடு உலர்த்துவோர், வலை பின்னுவோர், பனிக்கட்டி ஏற்றுவோர், மிதிவண்டியில் பெட்டி கட்டி உள்ளூர்த் தெருக்களுக்குச் செல்வோர் ஆகியோர்க்கும் அறுபத்தொரு நாள் வேலை சுருங்குகிறது. மீனவக் குடும்பத்தவராயின் வீட்டுக்கு வரும் தொகையில் பங்குண்டு. இல்லையாயின் இல்லை. நம் சமுதாயத்தாருள் மீன் வணிகத்தாலும் சுமைத் தொழிலாலும் வாழ்வோர் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மீனவர் நலவாரியம் மீன்பிடி சார்ந்த தொழிலாளரையும் உறுப்பினராக ஏற்கிறது. விபத்து, கல்வி, திருமண உதவிகளுக்கு அது வழி செய்யும். எனினும் தடைக்கால நிவாரணம் வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு அலுவலகப் படியேறி ஏமாறுவோரைக் காண்கிறோம்.

எண்ணூரின் நிலையோ தனித்தன்மை வாய்ந்தது. கொசத்தலை ஆற்றின் முகத்துவாரத்திலும் கழியிலும் இறாலும் நண்டும் பிடித்து வாழ்வோர்க்கு ஏப்ரல் தடை பெரிதன்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலும், வட சென்னை அனல்மின் நிலையம் 1994இலும், எண்ணூர்த் துறைமுகம் 2001இலும் வந்தன. சாம்பலும் வெந்நீரும் மணல் தூர்வும் கழியின் ஆழத்தைக் குறைத்தன. தெற்கே, சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த நாள் முதல் மெரினாவில் மணல் குவிய, இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டுக் கருங்கல் கொட்டப்பட்டதையும் நாம் அறிவோம். கட்டுமரம் ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த மணற்பரப்பே போயிற்று. இவற்றுக்கெல்லாம் தடைக்கால நிவாரணம் போன்ற ஆண்டுத் தொகை எதுவும் வகுக்கப்படவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பரவி எண்ணூர்க் கழியை மூடியபோது, அரசு மூன்று நிலைகளில் தொகை அறிவித்தது. பெரிதும் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய்; 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்; 787 படகுகளைச் செப்பனிடத் தலா 10,000 ரூபாய்; ஆக 8 கோடியே 68 இலட்சம். இத்தொகை ‘நிவாரணம்’ என்னும் பெயரிலேயே வழங்கப்பட்டது. கேடு விளைந்தது இயற்கையால் மட்டுமன்று என்னும்போது இதனை ‘இழப்பீடு’ என்றே சொல்லல் வேண்டும் என்பது மீனவர் தரப்பின் வாதம். தொடக்கத்தில் நாம் சொற்களைப் பிரித்துக் காட்டியது வெறும் அகராதிப் பயிற்சியன்று என்பது இவ்விடத்தில் விளங்கும். நிவாரணம் ஒருமுறை தந்தால் முடிந்தது. இழப்பீடோ இழப்பு முழுவதையும் அளந்து, கேடு செய்தவரிடமிருந்து பெறப்பட வேண்டுவது.

படகு உடையவர் ஏழையாவாரா?

உதவிக்கு உரியவர் யார் என்பதை வகுக்கும்போது, படகு இருக்கிறதே, அவர் எப்படி ஏழையாவார் என்னும் கேள்வி எழுவதுண்டு. இக்கேள்வி நம் மார்க்க அறிஞர்களிடையே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராயப்பட்டது என்பது வியப்பளிக்கும். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் முதலிருவர் ‘ஃபகீர்’, ‘மிஸ்கீன்’ எனப்படுவோர். இவ்விருவருள் வறுமை மிக்கவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஷாஃபிஈ சட்டவியலார், ‘கஹ்ஃப்’ அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் பயண வரலாற்றில் வரும் படகைச் சான்றாக எடுத்தனர். கடலில் தொழில் செய்த அப்படகின் உரிமையாளர்களைத் திருமறை ‘மிஸ்கீன்கள்’ என்றே குறிக்கிறது. ஆகவே கையில் ஒரு படகு இருந்தும், அதன் வருவாய் வாழ்வுக்குப் போதாதவர் மிஸ்கீனே. எதுவுமே இல்லாதவர் ஃபகீர். ஃபகீரே வறுமை மிக்கவர் என்பது அவர்தம் முடிவு. ஹனஃபீ அறிஞர்கள் இவ்வரிசையை மாற்றிக் கூறுவர். எங்ஙனமாயினும், உடைமை இருப்பதே ஏழ்மையின்மைக்குச் சான்றாகாது என்னும் உண்மை இதனால் பெறப்படும்.

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஃபைபர் படகு வைத்திருப்போர் பலர்க்கு அப்படகு கடனால் வந்தது. ஏல வணிகரிடம் முன்பணம் பெற்றவர், பிடித்த மீனை அவர் வழியாகவே விற்கக் கட்டுப்பட்டவர். படகு அவர் பெயரில். விலை சொல்லும் உரிமை மற்றவர் கையில். ஸகாத்தின் எட்டு வகையினருள் கடனாளிகளும் ஒரு வகையினர் என்பதை ஜமாஅத் பெரியோர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

கடனைப் பற்றிப் பேசும்போது காலத்தைப் பற்றியும் பேச வேண்டும். நிவாரணத் தொகை ஏப்ரல் இறுதியில் கிடைப்பதற்கும் ஜூன் நடுவில் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தொகை தாமதமாகும் என்று கருதி 8,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கும் குடும்பம் இரு மாதத்தில் 800 ரூபாய் வட்டி கட்டும். அரசு தந்ததில் பத்திலொரு பங்கு வட்டிக்காரரிடம் சென்றுவிடும். பள்ளி திறப்பதும் கல்லூரிச் சேர்க்கை நடப்பதும் இதே ஜூன் மாதத்தில்தான். படகு முதல் நடை சென்று திரும்புமுன் கட்டண நாள் வந்துவிடுகிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சேர்க்கை இடத்தை விட்டுக்கொடுப்பது மதிப்பெண் குறைவால் மட்டுமன்று. கட்டணத்தைச் செலுத்த இரு வார அவகாசம் இன்மையாலும்தான். கல்லூரி நடத்துவோர் கருதத்தக்கது இது.

பட்டியலில் தம் பெயர் உண்டா என்பதை அறிவது பயனாளியின் உரிமை. அமெரிக்காவில் எந்தக் கவுண்டியில் எந்த உழவர் எவ்வளவு பருத்தி மானியம் பெற்றார் என்பதை ஒரு தன்னார்வ அமைப்பு பெயரோடு வெளியிட்டு வருகிறது. பெரும்பண்ணைகளுக்கே பெரும்பகுதி சென்றமை அதனால்தான் ஊரறிந்தது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் அலுவலகங்கள் தாமே வெளியிட வேண்டும் எனக் கூறுகிறது. மனுப் போட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. தாமாக வெளியிடுவது கடமை.

ஆகவே வட சென்னை மாணவர்கள் தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மீனவக் குடும்பம் இருப்பின், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே சில செய்திகளைச் சரிபார்த்துத் தரலாம். கூட்டுறவுச் சங்கச் சந்தா நடப்பாண்டுக்குக் கட்டப்பட்டுள்ளதா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் எண்ணும் குடும்ப அட்டையிலுள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா, குடும்பத் தலைவர் காலமாகியிருப்பின் பெயர் மாற்றம் செய்யப்பட்டதா என்பனவே அவை. பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் தொகை நின்றுவிடும். ‘முஹம்மது’ என்னும் பெயர் ஓரட்டையில் முகமது, மற்றோரட்டையில் முகம்மது, வங்கியில் முகமத் என எழுதப்பட்டிருப்பதை நம் வீடுகளிலேயே காண்கிறோமே! சேமிப்புத் திட்டத்தில் சேர விரும்பும் மகளிர் தவணையைத் தவறவிடாமல் இருப்பதும் வேண்டும். தடை தொடங்கிய பின் அலுவலகத்துக்கு அலைவதைவிட, தொடங்குமுன் ஒரு பிற்பகல் செலவிடுவது எளிது.